வேலூர் மாடியிலிருந்து வானம் பார்க்க: லென்ஸ் தொலைநோக்கியும் மவுண்ட்டும் தேர்ந்தெடுக்கும் முறை

வேலூர் ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. தொலைநோக்கி வாங்க நினைப்பவர் கடைக்குப் போகும் முன் மனதில் குறித்துக்கொள்ள வேண்டிய எண் இதுதான். லென்ஸின் விட்டம், எத்தனை மடங்கு பெரிதாகும் என்பதெல்லாம் அப்புறம்.

நிலா, செவ்வாய், வியாழன், சனி எல்லாம் வானத்தில் ஒரே பாதையை ஒட்டித்தான் நகர்கின்றன. நம் ஊரில் அந்தப் பாதை கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே போகிறது. ஒரு கோள் தன் பாதையின் தெற்குக் கோடியில் இருக்கும் ஆண்டில்கூட, உச்சிக்கு வரும்போது இங்கே சுமார் 54 டிகிரி உயரத்தில் நிற்கும் (அடிவானம் 0, தலைக்கு நேர் மேலே 90). லண்டனில் அதே கோள் 15 டிகிரியைத் தாண்டினாலே அதிகம். வடக்குக் கோடியில் இருக்கும் ஆண்டில் நமக்கு அது 80 டிகிரி. முழுக்க அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அவ்வளவு உயரத்தில் இருக்கும் கோளைக் குறைந்த காற்றின் வழியாகப் பார்க்கிறோம், அதனால் உருவம் கலங்குவதும் குறைவு. கோள் பார்ப்பவர்களுக்கு இது பெரிய கொடுப்பினை. ஆனால் குழாய் பெரும்பாலான நேரம் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டியிருக்கும். மலிவான மவுண்ட்கள், அதாவது குழாயைத் தாங்கித் திருப்பும் தாங்கிகள், தடுமாறுவது சரியாக அந்த நிலையில்தான்.

இணையத்தில் படிக்கக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை 40, 50 டிகிரி அட்சரேகையில் வாழ்பவர்கள் தங்கள் வானத்துக்காக எழுதியவை. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே வாங்கினால் சில இடங்களில் தவறிப்போகும். எனக்குத் தவறியது.

என் முதல் தொலைநோக்கி 60 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியத்தூரம் (லென்ஸிலிருந்து உருவம் குவியும் இடம் வரையுள்ள தூரம்) கொண்டது. பெட்டியில் 525 மடங்கு என்று பெரிதாகப் போட்டிருந்தது. சத்துவாச்சாரியில் வீட்டு மாடியில் வைத்துச் சனியைத் தேடினேன். கிடைத்தது, ஆனால் நிற்கவில்லை. குமிழைத் தொட்டால் சனி துள்ளும். கையை எடுத்தால் குழாயின் பின்பக்கம் மெல்லத் தாழும், சனி காணாமல் போகும். லென்ஸ்தான் மட்டம் என்று நினைத்து இரண்டு வருடம் அதைப் பரணில் போட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் கனமான இரும்புத் தாங்கி ஒன்று செய்து அதே குழாயை அதில் பொருத்தினேன். வெறும் 70 மடங்கில் சனி அசையாமல் நின்றது. வளையத்துக்கும் கோளுக்கும் நடுவே கறுப்பு இடைவெளி தெரிந்தது. அந்த லென்ஸ் இரண்டு வருடமும் நல்ல லென்ஸாகவே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: முதலில் மவுண்ட்டை முடிவு செய்யுங்கள், பிறகு அது தாங்கக்கூடிய குழாயைத் தேடுங்கள்.

வாங்குவதற்கு முன்

பணத்தை எடுக்கும் முன் நான்கைந்து இரவுகள் சும்மா மாடிக்குப் போய் உட்காருங்கள். எந்தத் திசை திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் தெருவிளக்கு கண்ணில் குத்துகிறது, தண்ணீர்த் தொட்டி எதை மறைக்கிறது என்று பாருங்கள். வேலூரைச் சுற்றி மலைகள் இருப்பதால் அடிவானம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. காட்பாடி, பாகாயம், குடியாத்தம், ஆற்காடு என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு கணக்கு. மாடிக்குப் படி எப்படி என்பதும் முக்கியம். குறுகலான சுழற்படியில் ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டு ஏற முடியாத தொலைநோக்கி, எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது.

முடிந்தால் காவலூருக்கும் ஒரு முறை போய் வாருங்கள். ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்து இருக்கிறது. பழைய வட ஆற்காடு, இன்றைய திருப்பத்தூர் மாவட்டம். அங்குள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வை அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியில் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அந்த இரவின் பதிவுகளிலிருந்துதான். பொதுமக்களை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். அங்கே இருப்பவை லென்ஸுக்குப் பதில் குழிந்த கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் கண்ணாடித் தொலைநோக்கிகள், நாம் வாங்கப்போவது லென்ஸ் தொலைநோக்கி. ஆனால் எத்தனை டன் இரும்பு அந்தக் கண்ணாடியை அசையாமல் தாங்குகிறது என்பதை நேரில் பார்த்தால், தாங்கியின் அருமை புரியும்.

லென்ஸ் வகைதான் வேண்டுமா என்பதையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். மங்கலான கேலக்ஸிகளைத் துரத்த ஆசை என்றால், அதே செலவில் 6 அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கி ஒன்று கூடுதலாகக் காட்டும். நிலா, கோள்கள், இரட்டை விண்மீன்கள், கொத்துகள் போதும், எடுத்துப் போய் வைத்ததும் பார்க்க வேண்டும், அடிக்கடி கண்ணாடியை நேர்ப்படுத்தும் வேலை வேண்டாம் என்றால் லென்ஸ்தான். குழாயின் முன்பக்கம் மூடியே இருப்பதால் நம் ஊர்ப் புழுதியும் உள்ளே போகாது.

மவுண்ட்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

மவுண்ட் என்பது முக்காலிக் கால்களும் அதன் தலையில் குழாயைப் பிடித்துத் திருப்பும் பாகமும் சேர்ந்தது. இரண்டில் எது பலவீனமாக இருந்தாலும் படம் ஆடும்.

மலிவான பெட்டிகளில் வருவது இரண்டு வகை. ஒன்று, கேமரா ஸ்டாண்டு மாதிரி கைப்பிடி வைத்தது. இதை வானத்துக்கு வாங்காதீர்கள். பிடியை இறுக்கும்போதே பார்த்த பொருள் நகர்ந்துவிடும். இன்னொன்று, கவட்டை போன்ற இரண்டு கைகளுக்கு நடுவே குழாய் தொங்குவது, பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பி இருக்கும். அடிவானத்திலிருந்து பாதி வானம் வரை சமாளிக்கும். அதற்கு மேல் தூக்கினால் நீளமான குழாயின் வால் முக்காலியின் காலில் இடிக்கும். நம் வியாழனும் சனியும் இருப்பது அதற்கு மேலேதான்.

மூன்றாவது வகையில் மெதுவாக நகர்த்தும் குமிழ்கள் இரண்டு இருக்கும், குழாய் மவுண்ட்டின் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கும். முன்னதைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் குழாயின் எடை அச்சுக்கு மேலே இருப்பதால், உச்சியை நோக்கித் திருப்பும்போது எடை பின்னால் சரியும். என் சனி நழுவியதற்கும் இதே காரணம்தான். சிறிய, எடை குறைந்த குழாய்க்கு இது போதும்.

நான் பரிந்துரைப்பது நான்காவது வகையை. ஒற்றைக் கை, அதன் பக்கவாட்டில் குழாய். குழாயின் எடை மையம் ஏறக்குறைய அதை மேலும் கீழும் சாய்க்கும் அச்சின் நேரிலேயே வருவதால், எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும். பக்கத்தில் தள்ளி இருப்பதால் உச்சிக்குத் தூக்கினாலும் காலில் இடிப்பது குறைவு. குமிழ் வைத்ததும் உண்டு, கையால் தள்ளி நகர்த்துவதும் உண்டு. 100 மடங்குக்கு மேல் அடிக்கடி பார்ப்பேன் என்றால் குமிழ் வைத்ததை எடுங்கள். ஏனென்றால் பூமி நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி சுழல்கிறது. சாதாரண ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்) 100 மடங்கில் தெரியும் வட்டம் அரை டிகிரிதான். இரண்டே நிமிடத்தில் கோள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்விடும். குமிழை ஒரு திருகு திருகினால் மறுபடி நடுவுக்கு வரும்.

இனி எக்குவடோரியல் மவுண்ட். துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சை வைத்துவிட்டால் ஒரே குமிழில் கோளைப் பின்தொடரலாம் என்பது அதன் சிறப்பு. வெளிநாட்டு வழிகாட்டிகள் பலவும் இதைப் புகழும். நமக்கு இதில் மூன்று சங்கடங்கள். துருவ நட்சத்திரம் இங்கே 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது, ஒரு மாடி வீடோ ஒரு குன்றோ போதும் அதை மறைக்க. சில மவுண்ட்களின் சாய்வு அளவு அவ்வளவு கீழே இறங்காது. வாங்கும் முன் குறைந்தபட்ச அட்சரேகை எவ்வளவு என்று கேளுங்கள், 20 என்று சொன்னால் விட்டுவிடுங்கள். மூன்றாவது, அச்சு இவ்வளவு படுத்திருக்கும்போது எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் முட்டும். கண்ணால் பார்க்க மட்டும் வாங்குகிறவருக்கு இந்தச் சிரமம் தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து. படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அது வேறு கதை, வேறு செலவு.

தானே தேடித் திரும்பும் கணினி மவுண்ட் நல்லதுதான், ஆனால் ஒரே தொகையில் லென்ஸ் சின்னதாகிவிடும். வானத்தைப் படித்துக்கொள்ள ஆசை இருந்தால் போனில் ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலி போதும்.

எடை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பெட்டியில் 5 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால் 3 கிலோ வரை நிம்மதியாகத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆட்டம் கூடும். எனவே ஒரே எடையில் இரண்டு குழாய் இருந்தால் குட்டையானது மவுண்ட்டுக்கு எளிது. கால்கள் ஒன்றரை அங்குல விட்டமுள்ள எஃகுக் குழாயாக இருந்தால் மகிழ்ச்சி. விரல் தடிமனில் உள்ள அலுமினியக் கால்களை முழுக்க இழுத்துவிட்டால் காற்றிலேயே நடுங்கும். அவற்றைப் பாதி மட்டும் இழுத்து, நடுத்தட்டில் மணல் பையோ தண்ணீர் கேனோ தொங்கவிடுங்கள்.

உயரம் பற்றியும் ஒரு கணக்கு. 900 மி.மீ. குழாய் உச்சியை நோக்கி நிற்கும்போது ஐபீஸ் அச்சிலிருந்து சுமார் அரை மீட்டர் கீழே வந்துவிடும். அச்சு 120 செ.மீ. உயரத்தில் இருந்தால் கண் வைக்க வேண்டிய இடம் 70 செ.மீ. நாற்காலியில் உட்கார்ந்தால் குனிய வேண்டும், நின்றால் முதுகு போகும். இதற்காகக் காலை மேலும் நீட்டி ஆட்டத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள். வீட்டில் இருக்கும் மணையை எடுத்துப் போட்டுச் சம்மணம் போட்டு உட்காருங்கள். கண் ஏறக்குறைய அந்த உயரத்துக்கே வரும். உட்கார்ந்து பார்க்கிறவருக்கு நின்று பார்க்கிறவரைவிட நுணுக்கம் கூடுதலாகத் தெரியும், இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

கடையில் வாங்குவது கைக்கு எட்டாவிட்டால் இங்கேயே செய்துகொள்ளலாம். வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் வெல்டிங், லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. என் இரும்புத் தாங்கிக்கு அடிப்பாகம் லாரியின் பழைய பிரேக் டிரம், அதன்மேல் மூன்று அங்குல இரும்புக் குழாய், தலையில் மவுண்ட்டின் மேல்பாகத்தைப் பிடிக்க ஒரு தட்டு. பட்டறைக்காரர் அளவைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பந்தக்கால் நடப் போறீங்களா?" என்றார். "இல்லண்ணா, சனி கிரகம் பாக்கறதுக்கு. தட்டினா ஆடக் கூடாது" என்றேன். அவர் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. தட்டு மட்டமாக நிற்க அடியில் மூன்று போல்ட் வைத்துக் கொடுத்தது அவர் யோசனைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு குடும்பத்தோடு வந்து சனியைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குழாயைத் தன் விரலால் தட்டி, மறுபடி கண்ணை வைத்து, நின்றுவிட்டதா என்று சரிபார்த்தார்.

அவர் செய்தது சரியான சோதனை. ஏறக்குறைய 90 மடங்கில் ஒரு விண்மீனை நடுவில் வைத்து, குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். இரண்டு நொடிக்குள் நின்றால் அருமை. மூன்று வரை பரவாயில்லை. ஐந்தைத் தாண்டினால் அந்த மவுண்ட் அந்தக் குழாய்க்கு ஆகாது.

குழாய்

ஒரு லென்ஸ் தொலைநோக்கியைப் பற்றி இரண்டு எண்கள் சொல்வார்கள்: லென்ஸின் விட்டம், குவியத்தூரம். 90/900 என்றால் 90 மி.மீ. விட்டம், 900 மி.மீ. குவியத்தூரம். விட்டம் எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பதையும் எவ்வளவு மங்கலானது தெரியும் என்பதையும் தீர்மானிக்கிறது. பயன்படும் அதிகபட்சப் பெருக்கம், விட்டத்தை இரண்டால் பெருக்கினால் வருவது: 60-க்கு 120, 90-க்கு 180. பெட்டியில் 525 என்று இருந்தால் அந்த எண்ணைப் படிக்காமல் தாண்டுங்கள்.

சாதாரண விலையில் கிடைப்பவை அக்ரோமேட் எனும் இரட்டை லென்ஸ் வகை. இவற்றில் பிரகாசமான பொருளைச் சுற்றி ஊதா நிறச் சாயல் வரும், எல்லா நிறங்களும் ஒரே இடத்தில் குவியாததால். இது எவ்வளவு தொந்தரவு செய்யும் என்பதை வாங்கும் முன்பே கணக்கிடலாம். குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்து வரும் எண்ணை, அங்குலத்தில் உள்ள விட்டத்தால் மறுபடி வகுங்கள். விடை 3-க்கு அருகிலோ மேலோ இருந்தால் சாயல் பெரும்பாலும் உறுத்தாது. 70/900 குழாய்க்கு 4.7 வரும், மிகச் சுத்தம். 90/900-க்கு 2.8, நிலாவின் ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடு. 102/1000-க்கு 2.4. 80/400 குட்டைக் குழாய்க்கு 1.6, நட்சத்திரக் கொத்துகளுக்கு இனிமையானது, ஆனால் வியாழனைச் சுற்றி ஊதாப் புகை. 120/600-க்கு வெறும் 1.1.

இந்தச் சாயலைப் பெருமளவு குறைப்பது ஈடி வகை. தனிவகைக் கண்ணாடியால் செய்தது, எனவே விலை கூடும். 80 மி.மீ. ஈடி, 600 மி.மீ. குவியத்தூரம் என்பது என் கண்ணுக்கு வேலூருக்கு ஏற்ற மிகச் சிறந்த அளவு. குழாய் குட்டை, மவுண்ட்டுக்குச் சுமை குறைவு, உச்சியிலும் ஐபீஸ் அதிகம் தாழாது, 150 மடங்கிலும் நிறம் சுத்தம். அந்தப் பணம் இல்லாவிட்டால் 90/900 எடுங்கள், வருத்தமே வராது. அதுவும் அதிகம் என்றால் 70/900. அதை நல்ல மவுண்ட்டில் வைத்தால், ஆடும் மவுண்ட்டில் உள்ள 102-ஐவிட அதிகம் காட்டும். கையில் இருப்பதில் பாதியையாவது மவுண்ட்டுக்கும் ஐபீஸ்களுக்கும் ஒதுக்குங்கள்.

செலஸ்ட்ரான், ஸ்கைவாட்சர் போன்ற பெயர்களில் இந்த அளவுகள் கிடைக்கும். குழாயின் அடியில் டவ்டெயில் எனும் நீளமான பட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இருந்தால் பிறகு மவுண்ட்டை மாற்றுவது எளிது. நேராகத் திருகில் பிணைத்த குழாய் வந்த மவுண்ட்டிலேயே மாட்டிக்கொள்ளும்.

ஐபீஸ், மூலைக் கண்ணாடி, தேடுகருவி

தொலைநோக்கியின் குவியத்தூரத்தை ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் பெருக்கம். 900-ஐ 25-ஆல் வகுத்தால் 36. தொடக்கத்தில் மூன்று போதும்: 32 அல்லது 25 மி.மீ. ஒன்று, 12 அல்லது 15 ஒன்று, 7 அல்லது 6 ஒன்று. பிளாசல் வகை நம்பி வாங்கலாம். பெட்டியோடு வரும் 4 மி.மீ. ஐபீஸையும் பெருக்கத்தைக் கூட்டும் 3 மடங்கு பார்லோ லென்ஸையும் உறையிலேயே விட்டுவிடுங்கள். சிறிய பிளாசலில் கண்ணை மிக நெருக்கமாக வைக்க வேண்டும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் இருப்பவர்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியத்தைச் சரிசெய்துகொள்ளலாம். சிலிண்டர் பவர் அதிகம் உள்ளவர்கள் போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும், அவர்கள் கண்ணுக்கு இடம் விடும் ஐபீஸாகக் கேட்டு வாங்குங்கள்.

குழாயின் பின்முனையில் பார்வையைத் திருப்பிவிடும் மூலைக் கண்ணாடி 90 டிகிரியில் திரும்புவதாக இருக்கட்டும். பல பெட்டிகளில் 45 டிகிரி முப்பட்டகம் வரும். மலையையும் பறவையையும் நேராகக் காட்டும், பகலுக்குச் சரி. நம் வானத்தில் அதை வைத்து உச்சியைப் பார்த்தால் கழுத்து ஒடியும். பொருளை முதலில் குறிவைக்கக் குழாயின் மேல் இருக்கும் தேடுகருவிக்கும் இதே பிரச்சினைதான். சிவப்புப் புள்ளித் தேடுகருவி பழக எளிது, ஆனால் உச்சியில் இருக்கும் பொருளுக்குக் குழாயின் அடியில் தரையோடு தலையை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். கொஞ்ச நாளில் செங்கோணத் தேடுகருவிக்கு மாறிக்கொள்ளுங்கள். அதுவரை 32 மி.மீ. ஐபீஸே உதவும். 90/900 குழாயில் அது ஏறத்தாழ 1.8 டிகிரி வானத்தைக் காட்டும், மூன்றரை முழுநிலா அகலம்.

பெட்டி வந்ததும்

லென்ஸில் இரண்டு தூசி இருந்தால் கவலை இல்லை, கீறலும் மேகம் போன்ற படலமும்தான் குறை. ஐபீஸ் மாட்டும் குவியக் குழாயை உள்ளும் வெளியும் ஓட்டிப் பாருங்கள், இழுபறி இருக்கக் கூடாது. அப்புறம் தொலைநோக்கியை நேராக உச்சிக்குத் திருப்பி, இருப்பதில் கனமான ஐபீஸை மாட்டி விடுங்கள். குவியக் குழாய் தானாக வழுக்கி இறங்கினால் இறுக்கும் திருகைச் சரிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் மாற்றிக் கேளுங்கள்.

இரவில் ஒரு நடுத்தரப் பிரகாச விண்மீனை 100 மடங்கில் பிடித்து, குவியத்தைக் கொஞ்சம் உள்ளேயும் பிறகு வெளியேயும் நகர்த்துங்கள். வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே மையத்தில் இருந்தால் லென்ஸ் நேராக இருக்கிறது. ஒரு பக்கம் ஒதுங்கி இருந்தால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது, திருப்பிக் கொடுக்கும் நாள் முடியும் முன் சொல்லிவிடுங்கள்.

ஐபீஸில் திருகிப் பொருத்தும் கறுப்புச் சூரிய வடிகட்டி ஏதாவது பெட்டியில் இருந்தால் அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். லென்ஸ் குவிக்கும் வெப்பத்தில் அது விரிசல் விட்டால் ஒரு நொடியில் கண் போய்விடும். சூரியனைப் பார்ப்பதென்றால் முன் லென்ஸை முழுவதும் மூடும் தரமான சூரிய வடிகட்டி மட்டும்தான், தேடுகருவியின் மூடியும் மூடியே இருக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பகலில் தொலைநோக்கியை மாடியில் தனியாக விடவே விடாதீர்கள்.

வெயிலும் ஈரமும்

வேலூர் வெயில் இரவிலும் வேலை செய்யும். பகல் முழுக்கச் சுட்ட கான்கிரீட் தளமும் பாறைக் குன்றுகளும் பத்து மணி வரை அனல் விட்டுக்கொண்டிருக்கும், அந்த அனலில் வியாழன் தண்ணீருக்குள் கிடக்கும் காசு மாதிரி நெளியும். அந்தியில் மாடியில் தண்ணீர் தெளித்துவிட்டால் கொஞ்சம் முன்னதாகவே அடங்கும். பக்கத்து ஓட்டுக் கூரைக்கோ குன்றுக்கோ மேலாகப் பார்க்காமல் கோள் உயரும் வரை காத்திருங்கள். பங்குனி, சித்திரையில் விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் காற்று மிகவும் அமைதியாக இருக்கும்.

ஏசி அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் பனி பூத்துவிடும். பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள். பூத்துவிட்டால் வேட்டி முனையால் துடைக்காதீர்கள், தானே காயும். தூசிக்கு ரப்பர்ப் பந்து ஊதி போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சைதான் எதிரி. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அருமையான தோல் பைகள் கிடைக்கும், ஆனால் லென்ஸை அவற்றில் வைக்க வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அது விருந்து.

முதல் இரவுகள்

தை முதல் சித்திரை வரை வானம் பெரும்பாலும் திறந்திருக்கும். முதல் நாள் நிலாவில் தொடங்குங்கள், வளர்பிறை ஏழாம் எட்டாம் நாளில். பௌர்ணமியில் நிழல்கள் இல்லாததால் பள்ளங்கள் தட்டையாகிவிடும். வியாழனின் நான்கு நிலவுகளை 1610-இல் கலிலியோ பார்த்தது சுமார் 20 மடங்குக் குழாயில்; உங்கள் 36 மடங்கில் அவை தாராளமாகத் தெரியும், இரவுக்கு இரவு இடம் மாறும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டிக் கோடாகிவிட்டது. இனி 2032 வரை வருடந்தோறும் விரிந்துகொண்டே போகும். எனவே முதலில் பார்க்கும்போது ஒல்லியாக இருந்தால் தொலைநோக்கியைக் குறை சொல்லாதீர்கள்.

கல்யாணத்தில் காட்டும் அருந்ததியை மாசி, பங்குனி பின்னிரவில் வடக்கே பாருங்கள். வெறும் கண்ணுக்கு வசிட்டரும் அருந்ததியும் இரண்டு புள்ளி. 50 மடங்கில் வசிட்டரே இரண்டாகப் பிரிவார். என் அம்மா இதைப் பார்த்துவிட்டு, "எங்க கல்யாணத்துல ஐயர் இத சொல்லவே இல்லியேடா" என்றார்.

அப்புறம் தெற்கு. வடக்கே வாழ்பவர்களுக்குக் கிடைக்காத வானம் அது. அகத்தியர் நட்சத்திரம் 24 டிகிரி வரை எழும். சித்திரை மாதம் இரவு பத்து, பதினொரு மணிக்குத் தெற்குச் சிலுவை 14 முதல் 20 டிகிரி உயரத்தில் நிற்கும், அதன் இடப்பக்கம் ஆல்ஃபா சென்டாரி விண்மீன் கொஞ்ச நேரத்தில் ஏறி வரும். 100 மடங்கில் அது இரண்டு மஞ்சள் சூரியன்களாகப் பிரியும். சிலுவைக்கு மேலே, 30 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக, ஒமேகா சென்டாரி கொத்து. மாடியில் பஞ்சுப் பொட்டு மாதிரிதான் தெரியும். ஊர் விளக்கை விட்டு ஏலகிரிப் பக்கமோ ஜவ்வாது மலை அடிவாரத்திலோ, தெரிந்தவர் நிலத்தில் அவர் துணையோடு தங்கிப் பார்த்தால் பொட்டு பெரிதாக விரிந்து மணல் தூவினாற்போல் ஓரங்கள் கலையத் தொடங்கும். காட்டுப் பகுதிக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும். டார்ச்சுக்குச் சிவப்பு செலோஃபேன் தாள் சுற்றிக்கொள்ளுங்கள், தரையைப் பார்த்து நடங்கள், மணையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.